நான் பார்த்த ஜானி வேறு

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை ஏதோ அடிதடி என்று பயந்தே போனேன், பின்னால் அப்படி ஒரு சத்தம். அப்புறம்தான் விளங்கியது, டொரண்டோவில் ராத்திரி ரெண்டு மணிக்கு நாலு ஆம்பளைப் பிள்ளைகள் உட்கார்ந்து எண்பதுகளின் சிறந்த பத்துப் படங்கள் எவை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று. அந்தப் படங்கள் வந்தபோது உங்களில் ஒருத்தர்கூடப் பிறந்திருக்கவில்லை. "நீ அப்ப இருந்த ஆளு, நீ சொல்லும்மா" என்கிறாய். போனில் டைப் பண்ண எனக்கு முடியாது, அதனால் நோட்டில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் அப்பாவைக் கேட்காதே, அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் படித்துவிடுவார்.

நாயகனுக்குத்தான் முதலிடம், அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை என்றாய். எங்களுக்குள் இருந்தது. 1987 தீபாவளிக்குக் கமலின் நாயகனும் ரஜினியின் மனிதனும் ஒரே நாளில் வந்தன. அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸில் இருந்தேன். வரிசையாக உட்கார்ந்து கட்டையில் குச்சி அடுக்குவோம். கை அது பாட்டுக்கு ஓடும், வாய் சும்மாதானே இருக்கிறது, அதனால் கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்களில் அலசப்படாத சினிமா கிடையாது. படத்தைப் பார்ப்பதற்கு முன்பே சண்டை தொடங்கிவிடும். டவுனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் யாரோ ஒருத்தி கதை சொல்வாள், அதைக் கேட்டுவிட்டே கட்சி பிரிந்துவிடுவோம். எங்கள் வரிசையில் மனிதன் கட்சிதான் பெரிசு. நாயகன் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு அடுத்த வருஷம் வந்தபோது, "படம் பூரா இருட்டா இருக்கு, யாரு பேசுறா, யாரு அடிக்கிறான்னே தெரியல" என்று ஒரு அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஒளிப்பதிவுக்குத்தான் பி.சி.ஸ்ரீராமுக்கு தேசிய விருது கொடுத்தார்கள், கமலுக்கும் தோட்டா தரணிக்கும் கூடவே. 2005இல் டைம் பத்திரிகை அதை உலகத்தின் 100 படங்களில் ஒன்றாகப் போட்டது, இப்போது நீங்கள் அந்தப் பட்டியலைக் காட்டி ஒரு நிமிஷத்தில் பேச்சை முடித்துவிடுகிறீர்கள். அந்த அக்கா சொன்னதை நான் இன்றைக்கும் சிரித்துத் தள்ளமாட்டேன். எங்கள் கொட்டகை வெளிச்சத்தில் அது இருட்டுப் படம்தான்.

கொட்டகை என்றால் உனக்கு என்ன தெரியும். தகரமும் கிடுகும் வேய்ந்த டூரிங் டாக்கீஸ், மணல் தரை, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மறைப்பு. முன்னால் இருக்கிற தலை மறைத்தால் மணலைக் கூட்டி மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்ளலாம், நீ மேடாக்கினால் பின்னால் இருக்கிறவள் இன்னும் பெரிய மேடாக்குவாள், இடைவேளைக்குள் பெண்கள் பக்கம் மலைத்தொடர் மாதிரி ஆகிவிடும். பகலில் வெளிச்சம் உள்ளே வரும் என்பதால் சாயங்காலக் காட்சியும் ராத்திரிக் காட்சியும் மட்டும்தான். புரொஜெக்டர் ஒன்றுதான், அதனால் ஒவ்வொரு சுருள் முடியும்போதும் விளக்கைப் போட்டுவிடுவார்கள், ஒரு படத்துக்கு மூன்று நாலு இடைவேளை. முறுக்கு விற்கிறவனுக்கு நல்ல வியாபாரம்.

அந்தப் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றவன் உன் பெரிய மாமா. நீ பார்க்கும்போது அவனுக்குப் பலசரக்குக் கடைதான், ஆனால் பத்து வருஷம் அவன் ஆபரேட்டர். இரண்டு கார்பன் குச்சிகளை எதிரெதிரே வைத்து நடுவில் தீப்பொறி பறக்கிற வெளிச்சத்தில்தான் படம் ஓடும். குச்சி எரிந்து எரிந்து குறையும், ஆபரேட்டர் கையால் திருகித் திருகி நெருக்கமாக வைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் சிவாஜியே மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி ஆகிவிடுவார். முதலாளி கார்பன் செலவுக்குக் கணக்குப் பார்க்கிற ஆள், அதனால் மாமா கட்டைக் குச்சியையும் விடமாட்டான். நாயகன் இருட்டாக இருந்ததற்கு மணிரத்னம் பாதிக் காரணம், உன் மாமா பாதிக் காரணம்.

இப்போது உங்கள் இரண்டாவது சண்டைக்கு வருகிறேன். ஜானி 1980, அது எழுபதுகளின் கணக்கா எண்பதுகளின் கணக்கா என்று உன் சிநேகிதன் ஒருவன் ஒரு மணி நேரம் பேசினான் என்றாய். பத்தாண்டு 1981இல்தான் ஆரம்பிக்கிறது என்பது அவன் கட்சி. ஜானி வந்தது 1980 ஆகஸ்டில். எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தது மறு வருஷம் கோடையில். உதிரிப்பூக்கள் 1979 அக்டோபரில் வந்த படம், அதை நான் பார்த்தது 80இல். அப்படியென்றால் எனக்கு அது எந்தக் கணக்கு? கடைசியில் அந்த ஆற்றங்கரையில் இரண்டு பிள்ளைகள் நிற்பதைப் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் யாரும் பேசவில்லை, வழியில் ஒருத்தி மட்டும் "பாவி" என்றாள், நடித்த விஜயனைச் சொன்னாளா படத்தை எடுத்த மகேந்திரனைச் சொன்னாளா தெரியாது. என்னைக் கேட்டால் அந்தப் பத்தாண்டு 1977 செப்டம்பரில் 16 வயதினிலேயோடு தொடங்கி 1987 தீபாவளியோடு முடிகிறது, காலண்டர்க்காரனுக்கு இதில் வேலை கிடையாது. உன் சிநேகிதன் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டான், ஆனால் அம்மா சொன்னாள் என்று சொல்லிப் பார்.

ஜானியைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெரியம்மாவுக்கு அப்போதே கல்யாணமாகி மதுரையில் இருந்தாள், படம் வந்த மாதமே பெரிய தியேட்டரில் பார்த்துவிட்டாள். ரஜினி படத்திலேயே இதுதான் சிறந்த படம், அதிலும் ஸ்ரீதேவி தானே வாய்விட்டு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறீர்களா என்று ரஜினியைக் கேட்கிற காட்சி ஒன்று போதும் என்று எனக்குக் கடிதம் எழுதினாள். நான் கொட்டகையில் பார்த்தபோது அப்படி ஒரு காட்சியே இல்லை. ஸ்ரீதேவி ஏதோ பேச வாயெடுப்பாள், டப் என்று ஒரு கீறல், அடுத்து வேறு எங்கோ வேறு யாரோ நடந்துபோவார்கள். எனக்குப் படம் சுமார்தான் என்று பட்டது. பொங்கலுக்குப் பெரியம்மா வந்தபோது இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சண்டை. அவள் அந்தக் காட்சியை நடித்தே காட்டினாள், ஸ்ரீதேவி எப்படித் தயங்குவாள், ரஜினி தயங்குவதைத் தன்னைப் பிடிக்காமல்தான் என்று எப்படித் தப்பாக எடுத்துக்கொள்வாள் என்றெல்லாம். நான் சாமி சத்தியமாக அப்படி ஒரு காட்சி படத்தில் கிடையாது, நீ கனவு கண்டிருக்கிறாய் என்றேன். ஆச்சி நடுவில் வந்து இரண்டு பேரையும் திட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் கரும்பைக் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

காரணம் படச்சுருள் வருகிற பெட்டிதான். ஒரு பிரிண்ட் மதுரையில் ஓடி, திருநெல்வேலியில் ஓடி, சின்ன டவுன்களில் எல்லாம் ஓடித் தேய்ந்தபிறகு பஸ் மேலே ஏறி எங்களிடம் வரும். பக்கவாட்டில் இருக்கிற பல் ஓட்டைகள் கிழிந்திருக்கும். படம் அறுந்தால் கிழிந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஓரத்தை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசையைத் தடவி, விரலால் அழுத்திப் பிடித்து ஒட்டவேண்டும், அதற்குள் கொட்டகையே விசிலடிக்கும். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் குறையும். ஆயிரம் அடிச் சுருள் ஓடுவது பதினோரு நிமிஷம், அதில் நூறு அடி போனாலே ஒரு நிமிஷத்துக்கு மேல் போச்சு. சில ஆபரேட்டர்கள் பிடித்த பாட்டை வெட்டித் தங்களிடமே வைத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பதினாலு பதினைந்து வருஷம் கழித்து ஜானியை டிவியில் போட்டார்கள். உனக்கு நாலு வயது, என் மடியில் உட்கார்ந்து பருப்புச் சோற்றை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கிவைத்திருந்தாய். அந்தக் காட்சி வந்தது. நீண்ட காட்சி, நான் நினைத்ததைவிட நீளம், அவசரமே இல்லாமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மா நடித்துக் காட்டியது கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. அதற்கப்புறம் கடைசியில் மழையில் யாருமே இல்லாத அரங்கத்தில் அவள் பாடும்போது, அந்தப் பாட்டை நான் ரேடியோவில் ஆயிரம் தடவை கேட்டவள்தான், அன்றைக்குத்தான் அவள் எதற்காக நனைந்துகொண்டு நிற்கிறாள் என்று புரிந்தது. மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, நீ சொன்னதுதான் சரி" என்றேன். "எது?" என்றாள். மறந்தே போயிருக்கிறாள். எனக்குப் பில் ஏறியதுதான் மிச்சம்.

நீங்கள் நாலு பேரும் ஒரே பிரிண்டைப் பார்த்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள்.

தண்ணீர் தண்ணீர் உங்கள் பட்டியலில் ஆறாவது இடமோ என்னவோ. கோமல் சுவாமிநாதன் நாடகம், பாலசந்தர் எடுத்தது, திரைக்கதைக்குத் தேசிய விருது, எல்லாம் சரி, நல்ல படம்தான். ஆனால் எங்கள் ஊரில் அது மூன்று நாள்கூட ஓடவில்லை. பகல் முழுக்கக் குடம் தூக்கிவிட்டு வந்து மணலில் உட்கார்ந்தால் திரையிலும் சரிதா குடத்தோடு வந்து நிற்கிறாள், காசு கொடுத்து இதை வேறு பார்க்கவேண்டுமா என்று கேட்டார்கள். எதிர்த்துச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று, பாட்டை நினைத்துக்கொண்டு படத்துக்கு ஓட்டுப் போடாதீர்கள். பயணங்கள் முடிவதில்லை பார்த்துவிட்டு நானும்தான் அழுதேன், முந்தானையே நனைந்தது, ஆனால் இளையராஜாவைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் என்ன நிற்கிறது? இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டால் உங்கள் பட்டியலில் பாதி உதிர்ந்துவிடும். மூன்றாம் பிறை உதிராது.

அப்பாவுடைய கட்சி உனக்குத் தெரியும், முதல் மரியாதை, பேச்சுக்கே இடமில்லை. அந்தப் படத்துக்கும் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் தேசிய விருது கொடுக்கவில்லை, கடைசி வரைக்கும் எந்தப் படத்துக்கும் கொடுக்கவில்லை என்பதைத் தன் சொந்தச் சொத்து வழக்கு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார். ராதாவுக்குக் குரல் கொடுத்தது ராதிகா என்று நான் ஒரு தடவை சொன்னபோது அதையும் சிவாஜிக்கு எதிரான சதி மாதிரி எடுத்துக்கொண்டார். நான் அந்தப் படத்தை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். அவரிடம் முதலிடம் என்று சொல்லிவிடு.

என் முதலிடம் பாலுமகேந்திராவின் வீடு படத்துக்கு. நீ அனுப்பிய பத்தில் அது இல்லவே இல்லை, அதனால்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்தேன். அதைக் கொட்டகையில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷனில் மாநில மொழிப் படம் போடுவார்கள், ஒரியா, அசாமி, மராத்தி எல்லாம் போய்த் தமிழின் முறை வர வாரக்கணக்கில் ஆகும், அப்படி ஒரு ஞாயிறு. பாட்டே கிடையாது. வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட, ஆபீஸ் போகிற ஒரு பெண் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு கடன் வாங்கி வீடு கட்டுகிறாள், அவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்த அர்ச்சனாவுக்கு அதற்குத் தேசிய விருது கிடைத்தது. கட்டி முடியாத அந்த வீட்டைப் பார்க்கத் தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து உள்ளே சுற்றிச் சுற்றி நடப்பார் பார், அந்த இடத்தில் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது நமக்கும் அஸ்திவாரம் போட்டு மேலே எழும்பாமல் நின்றிருந்தது. படத்தில் சிமெண்டைத் திருடுகிற காண்டிராக்டர் வந்தபோது நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்தார். மறுநாள் காலையில் போய் மூட்டைகளை எண்ணினோம். ஏழு குறைந்தது. நம் மேஸ்திரி எலி என்றார், எந்த எலி சிமெண்ட் தின்னும்?

அந்தப் படத்தின் நெகட்டிவ் இப்போது இல்லை என்று பாலுமகேந்திரா தன் கடைசிக் காலத்தில் மேடைக்கு மேடை சொல்லி வருத்தப்பட்டார். கிடைக்கிற பிரதி மங்கலாகத்தான் இருக்கும், சத்தமும் கரகரக்கும். நாலு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து அதைப் பாருங்கள், பார்த்துவிட்டு அப்புறம் பத்தை எழுதுங்கள். குளிருக்குக் குல்லா போட்டுக்கொள், பருப்புப் பொடி தீர்ந்துவிட்டதா என்று சொல், தையில் ஒருத்தர் வருகிறார், கொடுத்துவிடுகிறேன்.

நேற்று மாமா வந்திருந்தான். உனக்கு எழுதிக்கொண்டிருப்பதைச் சொல்லி, இப்போதாவது உண்மையைச் சொல், ஜானியில் அந்தக் காட்சியை நீதானே வெட்டினாய் என்று கேட்டேன். காப்பியைக் கீழே வைக்காமலே, "பெட்டி வரும்போதே அப்படித்தான் வந்துச்சு" என்றான். நாற்பது வருஷத்துக்கு மேலாக இதே பதில்.

அன்புடன்,
அம்மா