பச்சைக் காய்களோடு வந்த கோல்டன் பெர்ரி பார்சல் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டானிலிருந்து எழுதுகிறேன். கூரியரில் நீங்கள் அனுப்பிய கோல்டன் பெர்ரி பார்சலில் பாதிக்கு மேல் பச்சைக் காய்கள். மிச்சத்தில் கொஞ்சம் பொலித்தீன் பைக்குள் வியர்த்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. காற்றோட்டமான கடதாசிப் பெட்டியில், பழத்தை மூடியிருக்கும் மெல்லிய உறையோடு வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும் பழம் இது.

காசு போனதைவிட உங்கள் துண்டுப்பிரசுரம்தான் எனக்குப் பெரிய கவலை. ‘சிறுவர்களும் அப்படியே சாப்பிடலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள். பச்சையாக இருப்பதைத் தின்னக்கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. தக்காளி, கத்தரிக் குடும்பத்துச் செடி இது. இதன் காயிலும் இலையிலும் உறையிலும் நச்சுப்பொருள் உண்டு. வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். எங்கள் பிள்ளைகள் இதைப் போலவே உறைக்குள் காய்க்கும் வேலியோரத்துச் சிறுதக்காளியைப் பார்த்தவர்கள், சரி. ஆனால் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைப்பக்கத்துப் பழமான இது அவர்களுக்குப் புதிது. உறை காய்ந்து, உள்ளே பொன்மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, ‘சலரோகத்தைக் குணமாக்கும்’ என்ற வரி. அதை வாசித்துவிட்டு அம்மா, குளிசையை நிறுத்தலாமா என்று கேட்டார். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள். 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 53 கலோரியும் 11 மில்லிகிராம் விற்றமின் சியும் இருக்கின்றன, கரோட்டீனும் உண்டு. நல்ல பழம் என்று சொல்ல அதுவே போதும். விற்றமின் சியில் முதலிடம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் முற்றத்துக் கொய்யாவில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

நன்றாகப் பழுத்திருந்தவை உண்மையிலேயே அருமை. உறையை உரித்து, மேலே ஒட்டியிருக்கும் பிசுபிசுப்பு போகக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டோம். பச்சைமிளகாய், வெங்காயத்தோடு இடித்த சம்பல் சோற்றுக்கு நன்றாகப் பொருந்தியது. எருமைத் தயிரில் நறுக்கிப் போட்டு, கொஞ்சம் கித்துள் பாணியும் விட்டால் புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும். இயற்கையிலேயே பெக்டின் உள்ளதால் ஜாமும் இலகுவாக இறுகும். இதையெல்லாம் துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருக்கலாமே?

கெட்டுப்போனவற்றுக்கும் காய்களுக்கும் உரிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். பற்றுச்சீட்டும் படங்களும் இணைத்திருக்கிறேன். இனி வன்னிக்கு அனுப்பும் ஒவ்வொரு பெட்டியிலும் பச்சைக் காய் பற்றிய எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் இன்றே தகவல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாடிக்கையாளர்