தேய்ப்புக்கடை அண்ணாச்சிக்கும் ஏரலுக்கு வந்த எல்லோருக்கும்

இந்த மடலை எழுத ஆரம்பித்து மூன்று நாளாகிறது. எழுத உட்கார்ந்தால் வாசல் சேறு கண்ணில் படுகிறது, உடனே எழுந்து மண்வெட்டியை எடுத்துவிடுகிறேன். இன்று மகள் அதை வாங்கிக்கொண்டு, "நீ எழுதும்மா" என்றாள்.

2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தில் எங்கள் ஏரலில் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தால்கூட அவ்வளவு பெய்யாது. தண்ணீர் கிடைக்காது என்ற பயத்தில்தான் நாங்கள் வீடே கட்டினோம். தரைக்கு அடியில் தொட்டியை ஆழமாக வெட்டினோம், ஆனால் உயரத்தில் ஒரு பரண் கட்டத் தோன்றவில்லை. 1992 வெள்ளத்திலேயே எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லையே என்ற தைரியம். பத்திரப் பெட்டி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தேன். அப்பா வாங்கிய வீட்டுப் பத்திரம், பட்டா, மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. அரிசி போனது, பீரோ போனது, அதற்கெல்லாம் நான் அழவில்லை. அந்தக் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போதுதான் தெருமுனைத் தேய்ப்புக்கடை அண்ணாச்சி வந்தார். அவர் தள்ளுவண்டியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கையில் அந்தப் பழைய பித்தளைத் தேய்ப்புப் பெட்டி மட்டும் இருந்தது. "அழாதிய தங்கச்சி. தாள்தான, காஞ்சா வந்துரும்" என்றார்.

கரண்ட் இல்லாத ஊரில் கரிப்பெட்டிக்குத்தான் வேலை. நனையாமல் தப்பிய அரை மூட்டை சிரட்டைக் கரி எங்கிருந்தோ அவருக்குக் கிடைத்திருந்தது. அன்று அடுப்பெரிக்கவே விறகு இல்லை, அந்தக் கரியை அவர் விற்றிருக்கலாம். திண்ணையில் பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தார். ஒட்டிய தாள்களை இழுக்கவே இல்லை. ஓர் ஈர்க்கை ஓரத்தில் நுழைத்து, மெதுவாக, தோசையைத் திருப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தார். முதலில் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தார். அப்புறம் தாளைக் குப்புறப் போட்டு, மேலே இன்னொரு துணியை விரித்துச் சூட்டை ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தன் புறங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்த்துக்கொண்டார். லேமினேஷன் செய்த அட்டையை மட்டும், "இது உருகிரும், வேண்டாம்" என்று தனியே எடுத்து வைத்தார். அதற்கு நகல் வாங்கிக்கொள்ளலாம்.

மதியத்துக்குள் தெருவே வந்துவிட்டது. ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, பேங்க் பாஸ்புக் என்று ஆளுக்கொரு ஈரக் கட்டு. இருட்டும்வரை நிமிரவில்லை மனுஷர். காசு கொடுத்தவர்களிடம், "வண்டி வந்தப்புறம் துணி கொண்டாங்க, அப்ப தாங்க" என்றுவிட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதால் இங்கே போடவில்லை.

கடலுக்குப் போகிற படகை லாரியில் ஏற்றி வந்து எங்களை மீட்ட மீனவச் சகோதரர்கள், ஹெலிகாப்டரில் சாப்பாடு கொண்டுவந்தவர்கள், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து கம்பத்தில் ஏறிய மின் ஊழியர்கள், நாங்கள் தொடவே கூசிய சேற்றை அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், பள்ளிவாசலிலும் கோயில் மண்டபத்திலும் சோறு பொங்கிப் போட்டவர்கள், பெண்களுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து நைட்டியும் நாப்கினும் தனிப்பையில் கட்டி அனுப்பிய முகம் தெரியாத பெண்கள் எல்லோருக்கும் எங்கள் தெருவின் நன்றி. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கு, தங்கள் வீட்டிலும் மழை கொட்டும்போது சமைத்துப் போட்ட புதுக்குடி மக்களையும் கும்பிடுகிறேன்.

தண்ணீர் நின்ற உயரத்தில் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வெள்ளையடித்தாலும் அதை அழிக்கப்போவதில்லை. இனி என் வீட்டில் எந்தக் காகிதமும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்காது. அடுத்து எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் ஒரு கட்டு பழைய பருத்தித் துணியோடு நான் கிளம்பிவிடுவேன். தாளைப் பிரிக்க இப்போது எனக்கும் தெரியும்.

அண்ணாச்சி, பத்திரத்திலிருந்த ஊதா முத்திரை மை உங்கள் வேட்டியில் ஏறிவிட்டது. துவைத்துத் தருகிறேன் என்றேன், நீங்கள் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு ஒரு நாலு முழ வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.