மாம்பலம் வீடும் உன் பதினான்கு லட்சமும்

அன்புள்ள பாலா,

பொங்கல் வாழ்த்துக்கே பதில் போடாதவன் என்று திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். சேது மறுபடி பாட்டு கிளாஸுக்குப் போகிறானாம். அந்தத் தெருக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அப்பாவின் மாம்பலம் ஃபிளாட்டைப் புதுப்பிக்க நீ அனுப்பிய எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பதினான்கு லட்சம்! அதில் மாடுலர் கிச்சனும் ஃபால்ஸ் சீலிங்கும் மட்டுமே ஏழு. டேய், இரண்டு வருஷத்தில் விற்கப்போகிற வீடு அது. விற்கப்போகிறாயா, ரிசப்ஷன் வைக்கப்போகிறாயா?

1996இல் கட்டிய ஃபிளாட், மேல்மாடி, 850 சதுரடி. வாங்க வருகிறவர் முதலில் கேட்பது யூடிஎஸ், அதாவது மனையில் உன் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்பதைத்தான். மாம்பலத்தில் அத்தனை பழைய கட்டடத்துக்கு விலையில் பெரும்பங்கு மண்ணுக்கு. உள்ளே நீ போடுகிற அலங்காரம் அந்த விலையை ஏற்றாது. ஒழுக்கு, துரு, பிளானில் இல்லாத சுவர் இவை மட்டும் விலையைத் தாராளமாக இறக்கும். அதனால் வாங்குகிறவர் எதைக் காட்டிப் பேரம் பேசுவாரோ அதை மட்டும் சரிசெய். மற்றதை அவரே தன் ரசனைக்குச் செய்துகொள்வார். உன் சிவப்பு லேமினேட் அவருக்குப் பிடிக்கும் என்று யார் சொன்னது?

அதற்கும் முன்னால் அசோசியேஷன் செயலாளரிடம் ஒரு வார்த்தை கேள்: கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு ஓடுகிறதா? 2022ஆம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே போதும், எல்லோரும் கையெழுத்திட வேண்டியதில்லை. பேச்சு சூடாக இருந்தால் ஒழுக்கையும் வயரிங்கையும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள். பில்டர் உன் டைல்ஸுக்குப் பைசா தரமாட்டார்.

ஹாலைப் பெரிதாக்கச் சின்ன பெட்ரூம் சுவரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. இரண்டு பெட்ரூம் வீட்டை நீயே கைக்காசு போட்டு ஒரு பெட்ரூம் வீடாக்குகிறாய். பால்கனியைக் கண்ணாடி போட்டு அறையாக்கும் யோசனையையும் விடு. வாங்குகிறவர் லோன் போட்டால் பாங்க் அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒப்புதல் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சுற்றுவார்.

முதலில் மொட்டைமாடி. அது பொது இடம், ஆகையால் அசோசியேஷன் தீர்மானமும் செலவில் அவர்கள் பங்கும் எழுத்தில் வேண்டும். தட்டோடு பதித்த பழைய தளம் அது; ஓடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், இடுக்குகள்தான் வாய் திறந்திருக்கும். அவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாலிமர் கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடுகிற மூலையெல்லாம் சரிவாகப் பூசி, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காக. மழைநீர்க் குழாயின் வாயைச் சுற்றி இன்னும் கவனமாக; பாதி ஒழுக்கு அங்கிருந்துதான் இறங்கும். தளம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சித்திரை வைகாசியிலேயே முடித்துவிடு. ஐப்பசி மழையை வைத்துக்கொண்டு தொடங்காதே.

உன் மேஸ்திரி மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டுவிடலாம் என்கிறாராமே. ஒரு சதுர மீட்டருக்கு அது 180 கிலோ. ஆள் நடமாடும் மாடிக்கு டிசைனில் எடுக்கும் நடமாட்டச் சுமையே 150 கிலோதான். அவரிடம் இதைச் சொல்லு, முகம் எப்படிப் போகிறதென்று பார்.

அடுத்தது பாத்ரூம். இதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். கீழ்வீட்டு அம்மா சீலிங்கில் மஞ்சள் கறை என்று சொன்னார்களா இல்லையா? நீ வரைந்திருப்பது டைல்மேல் டைல் ஒட்டும் வேலை. அதனால் கறை போகாது. தண்ணீர் தேங்குவது டைலுக்கு அடியில், தாழ்வாக விட்ட ஸ்லாபில் கொட்டிய செங்கல் துண்டுக்குள். கழிவுநீர் இறங்கும் ட்ராப்பின் மூட்டு விரிந்தால் அந்தக் குழி முழுக்க ஊறிக்கிடக்கும். டைலை உடைத்து, ரப்பிஷை ஸ்லாப் வரை வாரி, பழைய ட்ராப்பையும் ஜி.ஐ. இரும்புக் குழாயையும் கழற்றி எறி. தண்ணீர் வருவதற்கு சிபிவிசி, கழிவுக்கு பிவிசி. ஸ்லாபில் துருப்பிடித்த கம்பி தெரிந்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, வயர் பிரஷ் போட்டு, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் மார்ட்டரை அடுக்கடுக்காக அப்ப வேண்டும். கம்பி மெலிந்துபோயிருந்தால் மேஸ்திரி போதாது, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வந்து பார்க்கட்டும்.

பிறகு கோட்டிங்: தரை முழுதும், சுவரில் ஒரு அடி உயரம், ஷவர் பக்கம் ஆறடி. ட்ராப்பின் வாயைத் துணி வைத்து அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்து, 48 மணி நேரம். கீழ்வீட்டில் சொட்டு இறங்கவில்லை என்று நீயே போய்ப் பார்த்த பிறகுதான் குழியை நிரப்ப வேண்டும். ஆட்கள் இந்த இரண்டு நாளைத்தான் திருடுவார்கள், "ஒரு ராத்திரி நின்னுச்சு சார், போதும்" என்று. போதாது. நிரப்பிய பிறகு ட்ராப்பை நோக்கி மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், அதன்மேல் இன்னொரு முறை கோட்டிங், பிறகு டைல். சுவரில் குழாயை மூடுவதற்கு முன் கைபம்பால் அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் விட்டுப் பார்க்கச் சொல். குழாய் ஓடும் இடத்தை டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வை. வாங்குகிறவரிடம் காட்ட அதைவிட நல்ல விளம்பரம் இல்லை.

ஹால் மொசைக்கை மூடாதே. மேலே டைல் ஒட்டினால் பசையும் டைலும் சேர்ந்து ஏறக்குறைய அரை அங்குலம் தரை உயரும், கதவெல்லாம் இழைக்க வேண்டிவரும். மொசைக்கை மெஷின் போட்டுத் தேய்த்து பாலிஷ் செய், கண்ணாடி மாதிரி வரும். ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். மேல்மாடி வீட்டில் அதைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது, "உள்ளே எதை மறைச்சிருக்கீங்க?"

வயரிங் முழுதும் புதிதாக: விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர். மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். சமையலறையில் கிரானைட் மேடையை அப்படியே விட்டு, சிங்க்குக்குக் கீழே மட்டும் ஈரம் தாங்கும் ஐஎஸ் 710 முத்திரை போட்ட பிளைவுட், பதினாறு ஆம்பியர் பிளக் நான்கு, சிம்னிக்கும் ஆர்ஓவுக்கும் பாயிண்ட். பெயிண்ட் கடைசியில், பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு. ஈரச் சுவரில் பட்டி வைத்தால் அப்பளம் மாதிரிப் பொரிந்து நிற்கும்.

இனி விளையாட்டில்லை. அப்பா உயில் எழுதவில்லை என்றாய். அப்படியானால் வீட்டில் அம்மா, நீ, உமா மூவருக்கும் சம பங்கு. நீ போடும் பணத்தை விற்கும்போது முதலில் எடுத்துக்கொள்வாயா, மூன்றாகப் பிரிப்பாயா? இதை உமாவிடம் இப்போதே பேசி எழுதி வை. நல்ல பெண்தான், அதனால்தான் சொல்கிறேன். அவள் வெளிநாட்டில் இருப்பதால் வாங்குகிறவர் அவள் பங்குக்கு ஒரு சதவிகிதம் வரி பிடித்துவிட்டுப் போக முடியாது, அதிகமாகப் பிடிக்க வேண்டும். முன்கூட்டியே வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கினால் அவள் பணம் முடங்காது. வாரிசுச் சான்றும் சொத்துவரிப் பெயர் மாற்றமும் இதுவரை ஆகவில்லையென்றால், அதுதான் உன் முதல் ரினோவேஷன்.

பில்களையும் விடாதே. பாத்ரூமை மாற்றிக் கட்டியது, புது வயரிங் இவற்றை மேம்பாட்டுச் செலவாக மூலதன ஆதாயத்தில், அதாவது விற்று வரும் லாபத்தில், கழிக்கலாம். வெறும் பெயிண்டை அப்படிக் காட்ட முடியாது. ஜிஎஸ்டி பில், பாங்க் வழியே பணம். அப்பா 1996இல் வாங்கியதால் 1.4.2001 தேதி மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு, ஆனால் அன்றைய கைடுலைன் மதிப்பைத் தாண்டக் கூடாது. வரி 12.5 சதவிகிதமா, இண்டெக்ஸேஷனோடு (விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்தி) 20 சதவிகிதமா என்று உனக்கும் அம்மாவுக்கும் ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். உமாவுக்கு அந்த இரண்டாவது வழி கிடையாது.

எஸ்டிமேட்டை இப்படித் திருப்பி எழுதச் சொன்னால் பாதிக்குக் கீழே வரும் என்று நினைக்கிறேன். புதுசு வந்ததும் அனுப்பு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கண்ணன்

பி.கு: வாசல் கதவு நல்ல தேக்கு. "பழசு சார், மாத்திடலாம்" என்று எடுத்துப் போகப் பார்ப்பார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் அடிக்கச் சொல், பூட்டை மட்டும் மாற்று.