மேட் புரொஃபசர் ஜமைக்காக்காரர் அல்லர்

ஆசிரியருக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் ‘நோ புரொடெக்‌ஷன்’ இசைத்தொகுப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையில். இரண்டாம் தடவை பேனாவை எடுத்துக்கொண்டு.

அதை உருவாக்கிய டப் இசைக்காரர், மேட் புரொஃபசர் என்கிற நீல் ஃபிரேசர், ‘ஜமைக்காவில் பிறந்தவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் 1955இல் கயானாவின் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். கயானா தீவே அல்ல, தென்னமெரிக்கக் கரையில் உள்ள நாடு. ஆனாலும் கரீபியன்தான். கயானாக்காரர்களான கிளைவ் லாயிடும் ரோகன் கன்ஹாயும் வெஸ்ட் இண்டீஸ் அணிக்குத்தான் ஆடினார்கள் என்று கிரிக்கெட் பார்ப்பவர் எவரும் சொல்வார். இந்தத் தவறு தமிழ்ப் பத்திரிகையில் வந்தது கூடுதலாக உறுத்துகிறது. சென்னப்பட்டணத்திலிருந்து கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் அங்கே இன்றும் தப்படித்து மாரியம்மனை வழிபடுகிறார்கள். அதற்காக, மேட் புரொஃபசரின் இசையில் நம் தப்பு மேளம் கேட்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிக் கண்டுபிடிப்பதற்கு நம்மில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அவரைப் பற்றி நீங்கள் எழுதிய ‘பிறர் பாட்டுக்கு எதிரொலி சேர்த்தவர்’ என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. நான் முப்பது ஆண்டுகள் தென் லண்டனில் வானொலிப் பெட்டியும் ஆம்ப்ளிஃபயரும் பழுதுபார்த்தவன். இசை விமர்சகன் அல்லன், ஆனால் எதிரொலிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு டேப் வளையம் ஓடிக்கொண்டே இருக்கும். ஹெட் எனப்படும் ஒரு காந்த முனை ஒலியைப் பதியும். சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொன்று அதைப் படிக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் நம் காதுக்கு வரும் தாமதம். வெளியே வந்த ஒலியை மறுபடி உள்ளே அனுப்பினால், அது சொன்னதையே சொல்லிச் சொல்லித் தேயும். குமிழை மயிரிழை கூடுதலாகத் திருப்பினால் தேயாமல் பெருகி ஊளையிடத் தொடங்கும்.

ஒருமுறை கரீபிய இளைஞர் ஒருவர் கொண்டுவந்த பெட்டியை, ஊளையே வராதபடி சீர்செய்து கொடுத்துவிட்டேன். மறுநாளே வந்து நின்றார். “அந்த ஊளையை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். அவருக்கு வேண்டியதே அதுதானாம். காசு வாங்காமல் பழையபடி ஆக்கிக் கொடுத்தேன். டப் என்றால் என்ன என்று அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பதிவான பாட்டிலிருந்து குரலை உருவி எடுத்துவிட்டு, டிரம்மையும் பாஸ் என்ற கனத்த கீழ் ஒலியையும் முன்னால் நிறுத்தி, கித்தாரின் ஒரு வெட்டையோ பாடகரின் அரைச் சொல்லையோ எதிரொலிக்குள் தள்ளிவிடுவது டப். மிக்சிங் மேசையே அங்கே வாத்தியம். சேர்ப்பதைவிட எடுப்பதில்தான் வித்தை. இதை 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் வளர்த்த கிங் டபியும் வானொலி பழுதுபார்த்தவர் என்பதில் எனக்குத் தொழில் கர்வம் உண்டு. ஃபிரேசரும் சிறு வயதிலேயே மின்கருவிகளோடு மல்லுக்கட்டியவர். பட்டப்பெயரே அப்படி வந்ததுதான். 1979இல் தென் லண்டனின் தார்ன்டன் ஹீத்தில் தன் வீட்டு முன்னறையில் ‘அரிவா’ ஒலிப்பதிவுக்கூடத்தைத் தொடங்கினார்.

மாசிவ் அட்டாக் என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் ‘புரொடெக்‌ஷன்’ 1994இல் வந்தது. அதை ஃபிரேசர் எட்டுத் துண்டுகளாக டப் செய்த ‘நோ புரொடெக்‌ஷன்’ வந்தது 1995இல். ‘பாடகி டிரேசி தோர்னின் வரிகள் முழுதாகக் கேட்கவில்லை’ என்று கட்டுரையாளர் குறைப்படுகிறார். முழுதாக வேண்டுமென்றால் மூலத் தொகுப்பு இருக்கிறதே! ஒருவருக்கொருவர் அரணாக நிற்பதைப் பற்றியது அதன் தலைப்புப் பாட்டு. அந்தக் குரலையே அரணில்லாமல் வெட்டவெளியில் விட்டுவிட்டார் ஃபிரேசர். எப்போதோ தலைகாட்டி, ஒரு சொல் சொல்லி, மூழ்கிப்போகிறது. மற்ற நேரமெல்லாம் பாஸ்தான் பாடுகிறது. ‘அரண் இல்லை’ என்று பொருள்படும் தொகுப்பின் பெயரில் உள்ள குறும்பு உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லை.

‘பிறர் பாட்டு’ என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல, அந்த எட்டில் ஒன்றான ‘ஐ ஸ்பை’ ஒன்றே போதும். ஜமைக்கப் பாடகர் ஹொரேஸ் ஆண்டி, முன்பு தன் நாட்டின் ரெகே இசையில் தானே பாடிய பாட்டை மாசிவ் அட்டாக்குக்காகத் திரும்பப் பாடினார். அதைத்தான் ஃபிரேசர் பிரித்துப் போட்டிருக்கிறார். இதில் யார் பாட்டை யார் எடுத்தார்? எட்டும் ஒரே தரம் என்று நான் சாதிக்க மாட்டேன். கடைசித் துண்டு என் காதுக்கு நீளம்தான்.

கட்டுரையாளர் இதைக் கைப்பேசியில் கேட்டிருப்பார் என்று சந்தேகிக்கிறேன். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பாஸ் வெளியே வரவே வராது. நல்ல ஒலிபெருக்கி இல்லையென்றால் என் வீட்டுக்கு வரட்டும். மேல்மாடிக்காரர் மாலை ஆறு மணிக்குத்தான் வேலையிலிருந்து திரும்புவார். அதற்குள் இரண்டு தடவை கேட்டு முடித்துவிடலாம்.

— ஓய்வுபெற்ற வானொலிப் பழுதுபார்ப்பவர், தென் லண்டன்