அவர்களும் ஆசிரியருக்குத்தான் எழுதினார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்லாண்டிக் அடிமை வணிகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்ற மதிப்பீடும், 36,000 பயணங்களின் விவரத்தைத் திரட்டி வைத்திருக்கும் ‘ஸ்லேவ் வாயேஜஸ்’ இணையத்தளம் பற்றிய தகவலும் சரிதான். ஆனால் அடிமைப்பட்டவர்களின் குரல் எந்த ஆவணத்திலும் இல்லை என்று முடித்திருந்ததைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கப்பல்காரன் கணக்கில் குரலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அது சரக்குக் கணக்கு. ஏற்றிய தலை இத்தனை, இறக்கிய தலை இத்தனை, அவ்வளவுதான்.

அமெரிக்க அரசின் ஏடும் அப்படித்தான். 1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்பது போன்ற விவரம்தான் இருக்கும், பெயர் இருக்காது. (அதே 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் உண்டு. அவர்கள் பட்ட பாடு வேறு கதை.) கறுப்பின மக்கள் எல்லோரையும் பெயர் போட்டு எழுதியது, அடிமை முறை ஒழிந்தபின் வந்த 1870 கணக்கெடுப்பில்தான். அங்கே வம்சாவளி தேடுகிறவர்கள் அந்த ஆண்டைச் ‘செங்கல் சுவர்’ என்றே சொல்கிறார்கள்.

அந்தச் சுவருக்கு அப்பால் எட்டிப்பார்க்க ஒரு சந்து இருக்கிறது. ‘ஹிஸ்டாரிக் நியூ ஆர்லியன்ஸ் கலெக்‌ஷன்’ என்ற அமெரிக்க ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ‘லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ தொகுப்பைச் சொல்கிறேன். அந்த ஊர் மெதடிஸ்ட் சபையின் ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ பத்திரிகையில் 1879 நவம்பர் முதல் 1900 டிசம்பர் வரை வந்த, அடிமைக் காலத்தில் பிரிந்துபோன உறவுகளைத் தேடி விடுதலை பெற்றவர்கள் கொடுத்த 2,500க்கும் மேற்பட்ட விளம்பரங்கள் அதில் இருக்கின்றன. விளம்பரம் என்று பெயரே தவிர, எல்லாம் கடிதங்கள். பல கடிதங்கள் ‘ஆசிரியரே’ என்றுதான் தொடங்குகின்றன. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். போதகர்கள் இவற்றைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்க வேண்டும் என்று பத்தியின் தலைப்பிலேயே கேட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் காதிலும் விழ வேண்டுமே!

ஒரு ராத்திரி ‘ரிச்மண்ட்’ என்று தட்டிப் பார்த்தேன். வர்ஜீனியாவின் பெரிய அடிமைச் சந்தை இருந்த ஊர். அன்றைக்குத் தூக்கம் போயிற்று. அம்மா பெயர், கூடப்பிறந்தவர்கள் பெயர், யார் யாரிடம் விற்றான், எங்கே பிரிந்தோம் என்று சில வரிகள்தான். விற்றவன் பெயரைச் சொல்லாமல் பெற்றவளைத் தேட முடியாது. அம்மாவுக்கு இவர்களுக்குத் தெரிந்த ஒரே விலாசம் அவன்தான். பிள்ளை வயதில் விற்கப்பட்டவர்கள் நரை விழுந்தபின் எழுதுகிறார்கள். அப்போது எனக்கு இந்தப் பெயர், இப்போது இந்தப் பெயர் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள். தேடியவர் கிடைத்தாரா என்பது பெரும்பாலும் தெரியவே தெரியாது.

இந்தத் தொகுப்பைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆள் பெயரைக் கொண்டு தேடினால் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். ஊர்ப்பெயர் போட்டுத் தேடுங்கள், அப்புறம் உடைமையாளரின் குடும்பப் பெயர். அச்சில் வந்த பத்தியின் படத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதங்களில் இரண்டு மூன்றையாவது தமிழாக்கி, கட்டுரைப் பக்கத்தில் அல்ல, இதே ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
பாளையங்கோட்டை