நாபி பாட்டியின் கைகளும் உன் சன்ஷினும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நாபி தாஜிமா 117 வயது வரை வாழ்ந்ததற்கு இசைதான் காரணமா என்று கேட்டிருக்கிறாய். ருசியாகச் சாப்பிடுவதும் நன்றாகத் தூங்குவதும் என்பதுதான் அந்தப் பாட்டி சொன்ன காரணம். அவர் சொல்லாததை நாம் ஏன் சேர்க்க வேண்டும்?

1900 ஆகஸ்ட் 4-ல் ஜப்பானின் தெற்கே கிகாய் தீவில் பிறந்தவர். 2018 ஏப்ரல் 21-ல் அதே தீவில் இறந்தார். ஒன்பது பிள்ளைகள் பெற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தவர்களில் நாம் அறிந்தவரை கடைசி ஆள் (1900 அந்தக் கணக்கில்தான் வரும், தகராறு வேண்டாம்). முதுமையிலும் இசை கேட்டால் உட்கார்ந்தபடியே கைகளை வீசி ஆடுவார். அந்தப் பக்கத்து ஆட்டத்துக்கு அது பொருந்தும். விருந்து முடிகையில் 'ரொகுச்சோ' என்று வேகமான பாட்டு ஒன்று வரும். எல்லோரும் கைகளை உயர்த்தி ஆடுவார்கள். ஆட்டத்தின் அழகே கையில்தான். கால் ஓய்ந்தவருக்கும் அதில் இடமுண்டு.

இனி நீ வாங்கிய சன்ஷின், அதாவது பாம்புத்தோல் போர்த்திய அந்த மூன்று கம்பி வாத்தியம். ஜப்பானின் தென்கோடியான ஒகினாவாவில் ஆட்காட்டி விரலில் கொம்பு மாட்டி மீட்டுவார்கள். கிகாய் அடங்கிய அமாமித் தீவுகளில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி. கீழிருந்து மேலாகவும் தட்டி எடுப்பார்கள். கம்பியும் மெல்லியது, சுருதியும் உயரம். ஒகினாவாக் கம்பியை மாட்டிவிட்டு அமாமி நாதம் வரவில்லையே என்று வருந்தாதே. சுரமும் வேறு: ஒகினாவாவின் பெயர்பெற்ற சுரவரிசை நம் கம்பீரநாட்டை ராகம்தான், ச க ம ப நி. அமாமிப் பாட்டில் அரைச்சுர நெருக்கம் (இதில் க-ம, நி-ச போல) பெரும்பாலும் இருக்காது.

முதலில் மூன்று கம்பிகளையும் ச-ம-மேல் ச என்று சுருதி சேர்த்துக்கொள். பிருடை (கம்பியை முறுக்கும் மர ஆணி) நழுவினால் வெறுமனே திருகாதே. உள்ளே அழுத்திக்கொண்டே திருகு. மரம் காய்ந்து சுருங்கும்போதுதான் நழுவும். கொஞ்சம் சாக்குக்கட்டித் தூள் தடவினால் பிடிக்கும். புது நைலான் கம்பி சில நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி நிற்காது. அது பிருடையின் குற்றமில்லை.

நாள்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் குதிரையை (தோலின் மேல் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) சாய்த்து வை. தோலின் மேல் அழுத்தம் குறையும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைத்துவிடாதே, பாம்புத்தோல் கிழிந்துவிடும். மலைப்பாம்புத் தோல் என்றால் நாடு தாண்டிக் கொண்டுவர அனுமதிச் சீட்டும் வேண்டும். உன்னுடையது அசல் தோலா, செயற்கைத் தோலா? அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்