ட்யூபில் ஏறிய ரோஸ் நிறம்

அம்மாடி,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், கேப்சூல் ஆரம்பித்ததாக எழுதியதையும் மூன்று தடவை பார்த்துவிட்டேன். 'எம்.டி.ஏ. அதிகம், குளூட்டதயோன் குறைவு' என்ற இரண்டு வரிக்கும் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய். போனிலேயே பேசியிருப்பேன். பேசினால் எனக்கு இருமல் வரும், நீ அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அந்த எம்.டி.ஏ.வை, அதாவது மாலோன்டைஆல்டிஹைடை, நாலு வருடம் என் கையால் அளந்திருக்கிறேன். மார்புநோய்ப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது, லேப் வேலை என்னுடையது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரான சீரத்தில் அமிலத்தையும் தயோபார்பிட்யூரிக் அமிலத்தையும் சேர்த்து, ட்யூப்களைக் கொதிக்கும் தண்ணீரில் இறக்கி வைப்போம். ஆறவைத்துச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மேலே தெளிந்த நீர் ரோஸ் நிறத்தில் நிற்கும். நிறம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று 532 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ஃப்ரீ ராடிக்கல் என்பது பக்கத்தில் இருப்பதையெல்லாம் தாக்கும் நிலையற்ற துகள்; செல் சவ்வில் இருக்கும் கொழுப்பு அது பட்டுச் சிதைந்தபின் மிஞ்சும் துண்டுதான் எம்.டி.ஏ. அடுப்புச் சாம்பலைப் பார்த்து எவ்வளவு எரிந்தது என்று கணக்குப் போடுகிற மாதிரி. ஆனால் எந்த அடுப்பு என்று சாம்பலில் எழுதியிருக்காது.

ஆஸ்துமாவிலும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.யிலும் மூச்சுக்குழாய்ச் சுவரில் கூடும் வெள்ளையணுக்களே ராடிக்கல்களைக் கொட்டுகின்றன. சிகரெட் பிடிப்பவனுக்கு வெளியிலிருந்தும் வருகிறது. ஒரே ஓர் இழுப்பில் உள்ளே போகும் ராடிக்கல்கள், பத்துக் கோடியைக் கோடியால் பெருக்கினால் வரும் அளவு.

இனி சொல்லப்போவதை உன்னிடம் சொன்னதே இல்லை. அந்த ஆராய்ச்சியில் நோயில்லாதவர்கள் வரிசைக்கு ஆள் போதவில்லை. சரி, நான்தான் நன்றாக இருக்கிறேனே என்று கையை நீட்டினேன். மறுநாள் பார்த்தால் என் ட்யூப் நோயாளிகளின் ட்யூப்கள் அளவுக்கு ரோஸ் நிறத்தில் நிற்கிறது. டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நீங்கள் பிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அன்று சாயங்காலம் வெளியே வந்ததும் ஒன்று பற்றவைத்தேன். அதற்கப்புறம் ஆறு வருடம் பிடித்தேன். அப்போது உனக்கு நாலு வயது. இழுப்பு வந்த ராத்திரிகளில் படுக்க முடியாமல் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாய். என் சட்டை முழுக்க அந்த வாடைதான் இருந்திருக்கும்.

எம்.டி.ஏ. காட்டிய நம்பரை நான் அன்று மதிக்கவே இல்லை. நீயோ அளவுக்கு மீறி மதிக்கிறாய்.

நோயாளிகள் ஒரு கூட்டம், நோயில்லாதவர்கள் ஒரு கூட்டம் என்று வைத்துச் சராசரி எடுத்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரே ஒரு ட்யூபைக் கையில் கொடுத்து இவர் எந்தக் கூட்டம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு வரிசையும் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். சர்க்கரை நோய், உடல் பருமன், முந்தின நாள் செய்த கடும் உடற்பயிற்சி, எதுவும் அந்த நிறத்தை ஏற்றும். எம்.டி.ஏ. இல்லாத வேறு ஆல்டிஹைடுகளும் அதே ரோஸ் நிறத்தைக் கொடுக்கும். எல்லா லேபுக்கும் பொதுவான நார்மல் அளவு என்று ஒன்றும் கிடையாது.

ராடிக்கல்களை அடக்க உடம்பே செய்துகொள்ளும் பொருள் குளூட்டதயோன். அது இதைவிடத் தொல்லை. சிவப்பணுவுக்குள் அது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு. ஊசி குத்தும்போது கொஞ்சம் அணு உடைந்தாலே பிளாஸ்மா கணக்கு கெட்டுவிடும். எடுத்த ரத்தத்தை உடனே பக்குவப்படுத்தாவிட்டால் ட்யூபுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து குறைந்துபோகும். நாங்கள் ஐஸில் வைத்துக்கொண்டு ஓடுவோம். உன் ரத்தத்தை வீட்டுக்கு வந்து எடுத்துப் போனார்கள் என்கிறாயே, அது எத்தனை மணி நேரம் பையில் கிடந்தது?

கேப்சூல் விஷயத்துக்கு வருகிறேன். ராடிக்கல்தான் எதிரி என்றால் அதை அடக்கும் பொருளான ஆன்டிஆக்சிடன்ட் விழுங்கினால் சரியாகிவிடும் என்று எங்களுக்கும் தோன்றியது. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது என்று 1994-இல் வெளிவந்தது. குறையும் என்று நினைத்துக் கொடுத்த மாத்திரை! என்-அசிட்டைல்சிஸ்டைன் என்ற இன்னோர் ஆன்டிஆக்சிடன்டை தினம் 600 மில்லிகிராம் வீதம் மூன்று வருடம் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2005-இல் வந்தது. நுரையீரல் தேய்வது அதனால் மட்டுப்படவில்லை. இரட்டிப்பு அளவு கொடுத்த 2014 சீன ஆய்வில் நோய் திடீரென்று முற்றுவது குறைந்தது, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அது என்னைப் போன்றவர்களின் நோய். உன்னுடையது ஆஸ்துமா.

கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், 'கேப்சூல் ஆரம்பித்ததிலிருந்து ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுக்கிறேன்' என்று. சிவப்புக் கோடு அதற்குக் கீழே போட்டிருக்க வேண்டும். இன்ஹேலரைத் தினமும் எடு. குறைப்பதா கூட்டுவதா என்பதை டாக்டர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு ஊதும் பரிசோதனை பார்த்துச் சொல்லட்டும். ரத்தம்தான் பார்க்க வேண்டுமென்றால் இயோசினோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கையைக் கேள், ஸ்டீராய்டு எடுபடுமா என்று ஊகிக்க அது உதவும். ராத்திரி எத்தனை தடவை மூச்சுக்காக எழுந்தாய் என்பதையும் குறித்து வை. கேப்சூல் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு.

ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் அலமாரியில்தான் தூங்கிக்கொண்டிருக்கும், எடு. நாளைக் காலையில் நின்றபடி மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை எனக்கு அனுப்பு. நானும் ஊதி அனுப்புகிறேன். என்னுடையதைப் பார்த்துச் சிரிக்காதே.

அப்பா